தொப்பை போட்ட கும்பிடு

பேத்தி பொறந்ததுலருந்து பெயிண்டருக்குக் கால் தரையில நிக்கல. ஏணி மேல நின்னாலும் தாலாட்டுதான். காலம் பூரா அடுத்தவங்க வீட்டுச் சுவரையே அழகு பண்ணின மனுசன், இப்பத்தான் சொந்த வீட்ல பாப்பா அறைக்கு நிறம் தேடினார். மஞ்சள் பிடிக்கல. பச்சை பிடிக்கல.

"அப்பா, பாப்பாவுக்கு இன்னும் கண்ணே சரியாத் தெரியாதுப்பா"ன்னு மக சிரிச்சா.

"எனக்குத் தெரியுதே!"

அந்த வீட்ல இன்னொரு பிள்ளையும் உண்டு. தொப்பை. வேலை நடந்த கட்டடத்துல பெயிண்ட் டப்பாக்குள்ள தலைய விட்டு முழிச்சுக்கிட்டு நின்ன நாய். தூக்கிட்டு வந்துட்டார். பாப்பாவப் பார்க்க வந்த சொந்தமெல்லாம் வறுத்த கறியில ஆளுக்கொரு கொழுப்புத் துண்டு அவனுக்கும் போட்டாங்க. பெயிண்டர் போட்டது துண்டில்ல, ஒரு தட்டு.

மறுநாள் தொப்பை தொட்டில் முன்னால வந்து, முன்னங்கால நீட்டி, நெஞ்சத் தரையில வச்சு, பின்பக்கத்த மட்டும் தூக்கி நின்னான்.

"அடடே, எல்லாரும் ஓடி வாங்க! சின்ன முதலாளியம்மாவுக்குக் கும்பிடு போடுறான்!"

எல்லாரும் கைதட்டினாங்க. போட்டோ எடுத்தாங்க. தொப்பை தொட்டிலடியிலயே வாந்தி எடுத்தான். அப்புறமும் எடுத்துக்கிட்டே இருந்தான்.

சம்பந்தியம்மா மூக்கப் பொத்திக்கிட்டு, "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. தொத்து நோயா இருந்தா பச்சப் புள்ளைக்கு ஆகாது. நாய வேற எங்கயாச்சும் அனுப்பிருங்க"ன்னாங்க. மக பாப்பாவத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. பெயிண்டருக்குச் சுருக்குன்னுது. ஆனா பாப்பா ஒரு தும்மல் போட்டாலே தாங்காத மனுசன் அவர்.

நாயத் தோள்ல போட்டுக்கிட்டு கால்நடை டாக்டரம்மாகிட்ட ஓடினார். போட்டோவக் காட்டி, "காலையிலகூட நல்லா கும்பிட்டான்மா"ன்னார்.

"கும்பிடு இல்லீங்கய்யா. வயித்து வலி தாங்காம இப்படி நிக்கும்."

பெயிண்டர் முகம் செத்துப்போச்சு. வலிக்கா கைதட்டினோம்?

டாக்டரம்மா முன்னங்கால்ல ரத்தம் எடுத்தாங்க. "கொழுப்பச் செரிக்க வைக்கிற சரக்கு கணையத்துலருந்து வரும். கணையம் வீங்கினா அது ரத்தத்துல நிறையக் கசியும். அதப் பார்க்கத்தான் இந்த டெஸ்ட்"னு சொல்லி, ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டையில ஊத்தினாங்க. கொஞ்ச நேரத்துல ரெண்டு நீலப் பொட்டு எழும்புச்சு. ஒண்ணு ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுப் பொட்டு, ஒண்ணு தொப்பையோட ரத்தத்துக்கானது.

பெயிண்டர் துள்ளினார். "நம்ம பொட்டு ரெண்டு கோட் அடிச்ச மாதிரி அழுத்தமா இருக்கே! அப்ப நல்லாயிருக்கான்!"

"சுவருக்குத்தான்யா அது நல்லது. அளவுப் பொட்டவிட அழுத்தமா இருந்தா கணையத்துல வீக்கம் இருக்க வாய்ப்பு அதிகம்." ஸ்கேனும் எடுத்தாங்க. வீக்கமேதான்.

பெயிண்டர் மெதுவா, "பாப்பாவுக்கு ஒட்டுமாம்மா?"

"கணைய வீக்கம் யாருக்கும் ஒட்டாது. கொழுப்பு ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"சொந்தக்காரங்க…"

"நீங்க?"

"கொஞ்சம்…"

"எவ்வளவு?"

"தட்டு."

டிரிப் ஏத்தி, வலிக்கும் வாந்திக்கும் ஊசி போட்டாங்க. வீட்டுக்கு வந்து ஒட்டாதுன்னு சொன்னதும் மக சந்தோசத்துல அழுதுட்டா. சம்பந்தியம்மா முந்தானையத் திருகிக்கிட்டு, "நானும் ரெண்டு துண்டு போட்டேன் சம்பந்தி"ன்னாங்க.

தொப்பை தேறி வந்தான். கொழுப்பில்லாத சாப்பாடு மட்டும்தான், அவன் தட்டுப் பக்கம் யாரும் போகக்கூடாதுன்னு பெயிண்டரே காவல். அப்புறம் ஒருநாள் மறுபடியும் ரத்தம் பார்த்தாங்க. இந்தத் தடவ தொப்பையோட பொட்டு அளவுப் பொட்டவிட வெளிறி, லேசான நீலமா நின்னுச்சு. பெயிண்டர் அதையே குனிஞ்சு குனிஞ்சு பார்த்தார்.

"என்னய்யா, இன்னும் சந்தேகமா?"

"இல்லம்மா. பாப்பா ரூமுக்கு நிறம் கிடைச்சிருச்சு."