ஆச்சா அக்காவின் அட்டைத் தட்டு

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. ஆச்சா அக்கா தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, "தண்ணி வருதுங்கறீங்க, சரி. கலங்கலா வருதா, தெளிவா வருதா? ஒரு டம்ளர்ல புடிச்சு வெளிச்சத்துல பாத்துட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நகரசபைச் செயலாளர் கையில் காகிதக் கட்டோடு மேசை முன்னால் வந்து நின்றார். அக்கா ஒரு விரலை உயர்த்தி அவரைக் காத்திருக்கச் சொன்னார். டம்ளர் எடுக்கப் போனவர் திரும்பி வர இரண்டு நிமிடமாயிற்று. செயலாளர் இரண்டு நிமிடமும் நின்றார். ஆறு வாரத்துக்கு முன்பென்றால் நின்றிருக்கமாட்டார்.

சபையின் புகார்ப் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, ஒரு கணினி, பேக்கரிக்காரர் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் ரொட்டித் தட்டு. இருபத்திரண்டு வருடமாக அங்கே எழுத்தர் அவர்தான். வேலையாட்களை விரட்டவும் சரி, புகார் சொன்னவர்களை விசாரிக்கவும் சரி, அவர் வாயில் ஒரே சொல்: "ஆச்சா?" அதனால் ஆச்சா அக்கா. புகாரைக் கணினியில் ஏற்றிய கையோடு மஞ்சள் அட்டை ஒன்றிலும் எழுதித் தட்டில் செருகுவார். வேலை முடிந்தது என்று வேலையாள் சொன்னால் போதாது. புகார் கொடுத்தவர் சொல்லவேண்டும். ரொட்டி சுடுகிறவரை நாலு மணிக்குமேல் கூப்பிடுவார், இரவுப் பணி நர்ஸை அவர் தூங்கி எழுந்த பிறகு. பெயர்கள் அவருக்கு நினைவில் நிற்காது, புகார்கள் நிற்கும். "யாரு, உடைஞ்ச மூடியா? நல்லாயிருக்கீங்களா? மருமக ஊர்லேருந்து வந்துட்டாளா?"

வடிகால் புகாருக்கு மட்டும் தனிச் சட்டம். அடைப்பு எடுத்தாயிற்று என்று ஊரே சாட்சி சொன்னாலும் அட்டையை மூடமாட்டார். அடுத்த மழை பெய்யவேண்டும். மறுநாள் காலை கூப்பிட்டுக் கேட்கவேண்டும். அதற்குப் பிறகுதான் அட்டையில் கோடு விழும்.

இதில் அதிகம் நொந்துபோனவர் வடிகால் மேஸ்திரி. "தாயே, நான் சாக்கடைக்குள்ள எறங்கிட்டு வந்து சொல்றேன். நீங்க வானத்தைப் பாத்துட்டு சொல்றீங்க!"

"எறங்கினது நீங்கதான் அண்ணே. அங்க குடியிருக்கப்போறது அவங்க."

பத்து வருடமாக இதே சண்டை. டீ மட்டும் இருவருக்கும் ஒரே பிளாஸ்கிலிருந்து.

ஆறு வாரத்துக்கு முன்பு, மதிப்பாய்வுக் குழு வருகிறது என்றதும் சபையில் ஆளாளுக்குக் கோப்புகளை அடுக்க ஆரம்பித்தார்கள். மேலிடத்து அதிகாரிகள் என்றால் சமாளித்துவிடலாம். வரப்போகிறவர்களோ வேறு ஊர்ச் சபைகளில் இதே வேலையைச் செய்கிற நால்வர். எந்தக் கோப்பை எங்கே ஒளிப்பார்கள் என்பது அவர்களுக்கும் அத்துப்படி. அதுவும் இரண்டரை மாதமாக மழையே இல்லாத நேரம். தட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு வடிகால் அட்டை மூடாமல் கிடந்தது. செயலாளர் படியிறங்கி வந்தார்.

"மத்த ஊர்லல்லாம் தொண்ணூத்தெட்டு சதவீதம் முடிச்சிருக்காங்கம்மா. நாம அம்பத்தொண்ணு. இதைப் பாத்தா புகார்ப் பிரிவையே வெளி கம்பெனிக்குக் குடுத்துடச் சொல்லுவாங்க. அப்புறம் நீங்க பழைய ஃபைல் ரூம்லதான் உக்காரணும். திங்கக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் மூடிடுங்க."

"மூடிடலாம் சார். மழை வந்து வீட்டுக்குள்ள தண்ணி ஏறினா, இது முடிஞ்சுபோன புகார்னு அதுகிட்ட யாரு சொல்றது?"

திங்கட்கிழமை வந்தது. அவர் ஒரு அட்டையைக்கூட மூடவில்லை.

புகார்ப் பிரிவைப் பார்க்க வந்த பெண் தொண்ணூற்றெட்டு சதவீத ஊர்க்காரர். அங்கே இதே பிரிவுக்குத் தலைவி. காலை முழுக்க அக்கா பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர், கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார். "வேலை முடிஞ்சுதுன்னு உங்க மேஸ்திரியே சொல்றாரு. அப்புறம் ஏன் மூடலை?"

"மழை வரலியே."

"வரவே இல்லைன்னா?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு, பிளாஸ்கோடு வந்துகொண்டிருந்த மேஸ்திரியைப் பார்த்து, "அண்ணே, பூங்காவுக்குத் தண்ணி ஊத்தற லாரி இப்ப எங்க நிக்குது?" என்றார்.

வந்த பெண்ணையே தட்டிலிருந்து பார்க்காமல் ஆறு அட்டையை உருவச் சொன்னார். அன்று பிற்பகல் ஆறு தெருவின் மேட்டிலும் லாரி நின்று தண்ணீரைத் திறந்துவிட்டது. செயலாளர் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "யோவ், செடி காயுது, சாக்கடைக்குக் குளியலா?" என்று மாடியிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். நான்கு தெருவில் தண்ணீர் சுழித்து இறங்கிப் போயே போய்விட்டது. மற்ற இரண்டில் நின்றது, அதிலும் ஒன்றில் வீட்டுப் படி வரைக்கும் ஏறியது. செயலாளர் முகம் செத்துப்போயிற்று. அக்காவோ பரிசு விழுந்தவரைப் போலக் கத்தினார்: "பாத்தீங்களா! மூடியிருந்தா இந்த ரெண்டும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்!"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "சரி தாயே. நீங்க சொன்னதுதான் சரி. போதுமா?"

"டீ குடிக்கறப்ப இன்னொரு வாட்டி சொல்லுங்க."

வந்த தலைவி ஓரமாகப் போய்த் தன் அலுவலகத்தைக் கூப்பிட்டார். அங்கே மூடிவிட்ட வடிகால் புகாரில் ஆறை எடுத்து லாரி விடச் சொன்னார். சாயங்காலம் பதில் வந்தது: ஐந்தில் தண்ணீர் நின்றது. கிளம்புவதற்கு முன் அக்காவின் அட்டை ஒன்றை, கோடு உட்படத் தன் நோட்டில் வரைந்துகொண்டு போனார்.

அவர்களுடைய அறிக்கைதான் இப்போது செயலாளர் கையில். "தெளிவா இருக்குங்க" என்று டம்ளர்காரர் போனை வைத்ததும், உரக்கப் படித்தார்: "நாங்கள் பார்த்த சபைகளில், சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்பக்கூடியது இது ஒன்றே. புகார்ப் பிரிவை வெளியாருக்குத் தரவேண்டாம். மற்ற சபைகள் இங்கே வந்து கற்றுக்கொள்ளட்டும்."

மாடிப்படி நிறைய ஆட்கள். கைதட்டலில் தொலைபேசி அடித்தது கேட்கவில்லை. "அந்த ஒரே சபைங்கற வரியை இன்னொரு தடவை படிங்க சார்" என்று அக்கா மூன்று முறை படிக்கவைத்தார். மூன்று முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்தார்.

மேஸ்திரிக்குக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. தண்ணீர் நின்ற இரண்டு தெருவுக்கும் புதுக் குழாய் போட்டு முடித்த மறுநாள், தூக்கத்திலேயே போய்விட்டார். மூன்று வாரம் ஆகிறது.

கூட்டம் கலைந்தபின் லாரி ஓட்டுநர் நெருங்கி வந்தார். "அக்கா, அண்ணன் போட்ட குழாயில லாரி உட்டுப் பாத்துடவா? அந்த ரெண்டு அட்டையையும் இன்னிக்கே மூடிடலாம்."

அக்கா இரண்டு அட்டைகளையும் எடுத்தார். ஓரங்களை மேசையில் தட்டி நேராக்கினார். தட்டின் கடைசியில் செருகினார்.

"என்ன அவசரம்? மழை வரட்டும்."

மழை இன்னும் வரவில்லை. அந்த இரண்டு அட்டைகளிலும் கோடு விழவில்லை.