ஏரிக்கரைப் படங்களில் பின்னால் நின்றவர்கள்

அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு அவர் கேஸ் அண்ணன். மீதிப் பேருக்குப் பழைய போட்டோ அண்ணன். எழுத உட்கார்ந்தாலே அழுகை வருகிறது என்று அண்ணி சொல்லிவிட்டதால், தங்கையான நான் இந்த நினைவு மலருக்கு எழுதுகிறேன்.

அண்ணன் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதும் எனக்கு ஒன்றரை வயதும் இருக்கும்போது அம்மா காய்ச்சலில் காலமானார். அப்பா விடியுமுன் பால்வெட்டுக்குப் போய்விடுவார். எனக்குப் பால் கலக்கி, தலை சீவி, துணி துவைத்து வளர்த்தவர் அண்ணன்தான். அவர் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. என் படிப்பை மட்டும் நிற்க விடவில்லை. நான் கணக்கில் தோற்ற அன்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்களிடம் அம்மாவின் படம் ஒன்றே ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் தீபாவளிக்கு மறுநாள் தோட்டமே பஸ் ஏறி சிரம்பானுக்குப் போகும். சந்தை, ரயில் நிலையம், கடைத்தெரு என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ஏரிப் பூங்காவுக்கு வருவார்கள். அங்கே கேமராவோடு ஒருவர் காத்திருப்பார். அம்மாவின் கடைசி தீபாவளிக்கு அங்கே எடுத்துக்கொண்ட குடும்பப் படம் அது. அம்மா இறந்த பதினாறாம் நாள் படையலுக்குப் பெரிதாக்க வேண்டுமென்று அம்மாவின் முகத்தை மட்டும் பிளேடால் வெட்டி, அண்ணனிடம் கொடுத்து சிரம்பான் ஸ்டூடியோவுக்கு அனுப்பினார் அப்பா. முழுப் படத்தையும் கொடுத்தாலே போதும் என்று தோட்டத்தில் யாருக்குத் தெரியும்? பல வீடுகளில் அப்படித்தான் வெட்டினார்கள். வெட்டிய முகத்தை ஸ்டூடியோவில் தொலைத்துவிட்டார்கள் என்று கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். மிஞ்சிய படத்தில் அப்பா இருக்கிறார், கட்டம் போட்ட சட்டையில் அண்ணன் இருக்கிறார், அம்மாவின் இடுப்பில் நான் இருக்கிறேன், பின்னால் ஏரி. அம்மாவை எனக்குக் கழுத்துக்குக் கீழே மட்டும்தான் தெரியும்.

தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதும் சிரம்பான் பக்கத்து மம்பாவுக்குக் குடிவந்தோம். அண்ணன் வீடு வீடாகச் சமையல் கேஸ் போடும் லாரி ஓட்டினார். அடுப்படியில் கேஸை மாட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்பார்.

“பழைய படம் ஏதும் இருக்காம்மா? ஏரி, மார்க்கெட்டு, ஸ்டேசன், எதுனாலும் சரி.”

“கேஸ் அண்ணே வந்தா கேஸ் மாட்ட அஞ்சு நிமிசம், ஆல்பம் பாக்க ஒரு மணி நேரம்லா” என்று கேலி செய்வார்கள். ஆனாலும் ஆல்பத்தை எடுத்துக் கொடுப்பார்கள். பிரதி எடுத்துக்கொண்டு மறுவாரமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இப்படிச் சேர்ந்த படங்களைக் கோயில் மண்டபத்தில் ஒருமுறை வரிசையாக ஒட்டி வைத்தார். இடிந்துபோன கடைகள், அகலமாவதற்கு முந்தைய சாலைகள், பூங்காவின் பழைய பாலம் என்று பார்த்தவர்கள் நகரவே இல்லை. அண்ணனுக்கு ஊர் வரலாற்றில் அவ்வளவு ஆசை என்று எல்லாரையும்போல நானும் நினைத்தேன். ஒன்றுதான் எனக்கு எரிச்சல். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, கட்டடத்தை விட்டுவிட்டு, பின்னால் நிற்பவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“யார் யார் வீட்டுப் பொம்பளைங்களையோ என்ன இப்படி உத்து உத்துப் பாக்குறீங்க? அண்ணி பாத்தா சோறு கெடைக்காது.”

“சும்மா இரு பாப்பா. ஆளு தெரிஞ்சாதானே எந்த வருசம்னு சொல்ல முடியும்” என்பார். எனக்கு அறுபது வயதானபிறகும் நான் அவருக்குப் பாப்பாதான்.

சென்ற ஆண்டு சிறுநீரகம் செயலிழந்து மருத்துவமனையில் படுத்தார். ஒரு மாலை, அண்ணி வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தபோது என்னை அருகே கூப்பிட்டார்.

“பாப்பா, அம்மா படத்த ஸ்டூடியோக்காரன் தொலைக்கல. நான்தான் தொலைச்சேன். பஸ்ஸ விட்டு எறங்கிப் பாத்தா பாக்கெட்டுல இல்ல. அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார, அவர் தொடர்ந்தார்.

“அந்தத் தீபாவளிக்கு ஏரியில எவ்ளோ கூட்டம் தெரியுமா? யாராவது ஒரு வீட்டுப் படத்துல அம்மா பின்னால விழுந்திருப்பாங்க. உனக்கு ஒருதடவ மொகத்தக் காட்டிரணும்னுதான் தேடினேன். கெடைக்கல பாப்பா.”

எனக்குக் கோபம்தான் வந்தது. தொலைத்ததற்காக அல்ல. இத்தனை வருடம் தனியாக வைத்துக்கொண்டு புழுங்கியதற்காக. “முன்னாடியே சொல்லியிருந்தா நானும் சேந்து தேடியிருப்பேன்ல!” என்று கத்திவிட்டேன். தாதி எட்டிப் பார்த்தார். அண்ணன் சிரித்தார். மூன்றாம் நாள் காலையில் எங்களை விட்டுப் போய்விட்டார்.

கருமக்கிரியை அன்று வந்திருந்தவர்களிடம் இதை நான் அடக்க மாட்டாமல் சொல்லிவிட்டேன். செய்தி வாய்வழியாகப் பரவி, இரண்டு மாதம் கழித்து போர்டிக்சனிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, எங்க மாமியாரு பெட்டியில ஏரிப் படம் ஒன்னு இருக்கு. வந்து பாக்குறீங்களா?”

போனேன். புதுமணத் தம்பதியர் ஏரிக்கரையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், கட்டம் போட்ட சட்டையில், கேமராவை முறைத்துக்கொண்டு ஒரு பையன். அவரைத் தெரியாமல் போகுமா எனக்கு? அவர் பக்கத்தில், கைக்குழந்தையோடு ஒரு பெண். அந்தச் சேலையை எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தைத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்த வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் படத்தை இம்மலரின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறோம். அதைத் தந்த போர்டிக்சன் குடும்பத்துக்கும், அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர், தாதியருக்கும், துக்க வீட்டில் ஓடியாடி வேலை செய்த மம்பாவ் அண்டை அயலாருக்கும், அவர் படம் கேட்ட அடுப்படிகளில் எல்லாம் ஆல்பத்தை எடுத்துக்கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணா, அம்மாவைப் பார்த்துவிட்டேன். ஒரு கையில் என்னை வைத்திருக்கிறார். இன்னொரு கையால் உங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.