பரிந்து பேசுகிறவர்

அம்மாவை ஏற்றி வந்த ஆஸ்பத்திரி வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. முதலிபாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளும் வீட்டுக்காரப் பெரியவரின் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. எல்லோருக்கும் ஒரே கேட்தான். அன்று அதில் மாவிலை கட்டியிருந்தது. உள்ளே பந்தல் போட்டு, முகூர்த்தக்கால் நட்டிருந்தார்கள். மறுநாள் விட்டு மறுநாள் பெரியவருடைய மகளுக்குக் கல்யாணம்.

பெரியவர் கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றபடி சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க. கல்யாண ஊடு. பந்தலுக்குக் கீழ பொணத்தக் கொண்டுபோக முடியாதுங்க. நேரா கல்லறைக்கே கொண்டு போயிருங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அம்மா சமைத்து, ஜெபம் பண்ணி வாழ்ந்த அறையில் அவளைக் கொஞ்ச நேரமாவது கிடத்தி, குளிப்பாட்டி, சேலை மாற்றி, பாட்டுப் பாடி அனுப்ப வேண்டும் என்று எனக்கு இருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிள் முன்னால் நின்றே பாதி வாழ்க்கை போய்விட்டது; அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை. பெரிய மனிதர் எதிரில் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "ஏங்க, ஒரு வார்த்த கேளுங்களேன்" என்று மனைவி என் முதுகைத் தள்ளினாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் சின்னவர் வந்தார். பெரியவருடைய ஒரே மகன், ஏறக்குறைய என் வயதுக்காரர். நான் வேலை பார்த்த கம்பெனி அவருடையது. சும்மா இருக்கத் தெரியாத மனிதர். டீயோடு என் டேபிளுக்கு வந்து, "உங்களக் கட்டிக்கிட்டு அந்தப் புள்ள பேச்சையே மறந்துருக்குமுங்க" என்பார். நான் சிரித்துவிட்டால், "அப்பாடா, சத்தம் வருது" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொல்வார்.

வாழை இலைக் கட்டோடு பைக்கில் வந்தவர், வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கட்டை இறக்கி வைத்தார். உள்ளே போகவில்லை. என் பக்கத்தில் தோள் உரச வந்து நின்றுகொண்டார்.

"அப்பா, இவங்க ஊடு இதுதானுங்க. ஊட்டுக்கு வந்திருக்கறாங்க."

"வேண்டாம்னு சொல்லிப்போட்டேன் கண்ணு. உந் தங்கச்சி கல்யாணம்டா."

"தெரியுமுங்க. எதாச்சும் வர்றதுன்னா எந் தலைக்கு வரட்டுங்க. பந்தல ஒரு பக்கம் நானே அவுத்துக் கட்டிக்கறேன். இவங்க வெளிய நின்னுதான் அழுகோணும்னா நானும் இங்கயே நிக்கறனுங்க."

பெரியவர் வெகுநேரம் மகனையே பார்த்தார். பிறகு அவரே கேட்டைத் திறந்தார். மதியம் வரை அம்மா வீட்டில் இருந்தாள். எடுக்கும்போது பெரியவரும் வந்து நின்றார். "கொடத்துல தண்ணி கொண்டுபோனா ஒரு சொட்டு சிந்த மாட்டாங்க அந்தம்மா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இது நடந்து பல வருஷம் ஆகிவிட்டது. சமீபத்தில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் போதகர் ஆண்டவருடைய பெயர்களைப் பற்றிப் பேசினார். யோவானின் நிருபத்தில் 'பரிந்து பேசுகிறவர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. பிதாவினிடத்தில், அதாவது தகப்பனிடத்தில், நமக்காகப் பேசுகிற குமாரன் என்று அர்த்தம். "நமக்கு வக்கீல் மாதிரி" என்றார் போதகர். எனக்குக் கறுப்புக் கோட்டு ஞாபகத்துக்கு வரவில்லை. தாராளமாக உள்ளே போயிருக்கக்கூடிய மகன், போகாமல் என் பக்கம் வந்து நின்றதுதான் வந்தது.

போன வாரம் சின்னவரிடம் இதை எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். "என்னையக் கொண்டுபோய் சாமியோட சேத்திட்டீங்களா? எங்கூட்டுக்காரிகிட்டச் சொல்லிராதீங்க, சிரிப்பா" என்றார். பிறகு, காலமாகிவிட்ட பெரியவரை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு ராத்திரி எங்கப்பா என்ன சொன்னாருங்கறீங்க? 'நல்லவேள நீ வந்தடா. வேண்டாம்னு சொன்னதுக்கப்பறம் எனக்கே மனசு ஆறல. சொன்ன சொல்ல நானே எப்படி மாத்தறது? யாராச்சும் பேச மாட்டாங்களான்னுதான் உள்ள போகாம நின்னுட்டிருந்தேன்'னாரு."

அதுவரை அந்தப் பெயரில் நான் மகனை மட்டும்தான் பார்த்திருந்தேன். கேட்டின் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமலே பெரியவர் நின்றிருந்தது, அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.