குடைக்கு விழுந்த ஓட்டு

சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசி ஞாயிறு. தென்காசியில், குற்றாலம் போகிற பக்கம் எங்கள் தெரு. சீசனில் வெளியூர் வேன்கள் தெருவுக்குள் வந்து வாசலை மறித்து நிற்கும். அதனால் தெருவின் மேற்குக் கோடியில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டலாமா என்று முடிவு செய்ய அன்று காலை குடியிருப்போர் சங்கக் கூட்டம். எல்லா வீட்டுக்கும் சொல்லியிருந்தார்கள். "நாம போயா ஆகப்போவுது? போறவங்க போவாவ" என்று சொல்லிவிட்டு என் கணவர் பிள்ளைகளோடு அருவிக்குப் போய்விட்டார்.

நானும் தலையில் எண்ணெய் தேய்த்து, துண்டும் குடையுமாகக் கிளம்பினேன். சங்கக் கட்டடத்தருகே சாரல் வலுத்து மழையானது. ஒதுங்கத்தான் உள்ளே போனேன்.

திடுக்கிட்டேன். வரிசையாக நாற்காலிகள், செயலாளரையும் சேர்த்து ஆறே பேர். கடைசியில் என் எதிர்வீட்டுப் பெண், மடியில் முறம் மாதிரிச் சொளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். விந்தி விந்தி நடப்பவள். பீடிக் கடைக்கு மேற்குக் கோடி வழியாகத்தான் தினமும் போவாள். அதை அடைத்தால் கேரளா லாரிகள் பறக்கிற மெயின் ரோட்டைச் சுற்ற வேண்டும்.

என் குடையில் கம்பி சிக்கிக்கொண்டது. தலைக்கு மேலே தூக்கி மடக்கப் பார்த்தேன். செயலாளர், போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் கையையும் தூக்கிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"கதவு வேணும்ங்கிறவங்க... மூணு, தங்கச்சியோட நாலு. வேண்டாம்ங்கிறவங்க? மூணு. அப்பம் கதவு உண்டு."

அவள் இலையும் கையுமாக என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏ மைனி, நீங்களுமா? எதிர்வீட்ல இருந்துக்கிட்டு என்னைய லாரிக்குக் குடுக்கியளே!"

குடையைத்தான் மடக்கினேன் என்றேன். தூக்கின கை தூக்கினதுதான் என்றார் செயலாளர்.

முன்னால் இருந்த ஒருவர், "அண்ணாச்சி, ஓட்டு மைனிக்கா, குடைக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் செயலாளர் மறுபடி எண்ணினார். குடையை அவள் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு, வேண்டாம் என்பதற்குக் கை தூக்கினேன். கதவு இல்லை என்றானது.

அவள் நன்றியெல்லாம் சொல்லவில்லை. "மொதல்ல அந்தக் குடையத் தள்ளி வைங்க மைனி, பீடித் தூளு நனையுது" என்றாள்.

அருவிக்குப் போகத் தோன்றவில்லை. எண்ணெய்த் தலையோடு வீட்டுக்குத் திரும்பினேன். நான் போகாமலே இருந்திருந்தால் மூன்றுக்கு மூன்று. சமமாக வந்தால் செயலாளர் சொல்வதுதான் முடிவு. அவரோ கதவு வேண்டும் என்றவர். அன்று அவள் வழியைக் காப்பாற்றியது நான் இல்லை, மழை. இப்போதும் கூட்டம் என்று சொல்லி அனுப்பினால், மழை பெய்யாத நாளில் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம் என்னை வீட்டில் இருக்க விடுவதில்லை.