இடம் மாறிய இரண்டு பலகைகள்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். ஞாயிறு பூசையோடு என் பக்தி சரி. ஆனால் லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில், லான் வீட்டில், பட்டப்பகலில் நடந்ததை நீங்கள் நம்பினாலும் ஒன்றுதான், நம்பாவிட்டாலும் ஒன்றுதான்.

என்னோடு வேலை செய்கிற லான் வியட்நாம்காரி. தாய் செத்தபின் ஊரில் தனியாக இருந்த தகப்பனை எப்படியாவது தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே தவிப்பு. அவரோ, சிவப்பு அரக்குப் பூசிப் பொன்னெழுத்து செதுக்கிய இரண்டு நீளப் பலகைகளை முன்கூட்டியே அனுப்பி, "இதை முறையாகத் தொங்கவிடத் தெரியாத வீட்டில் நான் தங்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பழைய சீன எழுத்து லானுக்கே வாசிக்கத் தெரியாது, எனக்கு எங்கே தெரியும்? நல்லவேளை, பலகைகளின் அடியில் 1, 2 என்று துண்டு ஒட்டியிருந்தது.

பலகை வேலையை எங்களிடம் விட்டுவிட்டு லான் தகப்பனைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போக, நானும் என் மச்சானும் சுவரில் ஒன்றை இடப்பக்கமும் இரண்டை வலப்பக்கமும் பூட்டினோம். ஸ்க்ரூத் தலைகளைச் சிவப்புப் பசையால் மூடினேன். படமும் எடுத்தேன். வீட்டைப் பூட்டித் திறப்பைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்று வலப்பக்கம், இரண்டு இடப்பக்கம்.

"அத்தான், நாங்கள் இப்பிடியோ பூட்டினனாங்கள்?"

"இல்லையடா, படத்தைப் பார்!"

பசையைத் தொட்டுப் பார்த்தேன். என் பெருவிரல் பதிந்த அடையாளம் கலையாமல் அப்படியே இருந்தது. கழற்றி மாற்றுவோம் என்று ஸ்க்ரூட்ரைவரை எடுக்கவும் லானும் தகப்பனும் வந்துவிட்டார்கள்.

கிழவர் வலப்பக்கமிருந்து உரத்து வாசித்தார். வாய் நிறையச் சிரித்தார். முதல் வரி வலப்பக்கம்தான் வரவேண்டுமாம், லண்டனில் எல்லாரும் மாற்றித்தான் பூட்டுவார்கள் என்று பயந்திருந்தாராம். "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததோ" என்று நான் வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

பிறகு அவர் இடப்பக்கப் பலகையைத் தடவி ஏதோ சொன்னார். லான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்குச் சொன்னாள்: வலப்பக்கம் இருப்பது கல்யாணத்தன்று அவர் எழுதிய வரி. இது அதற்குச் சொல்லுக்குச் சொல் ஈடாக அம்மா எழுதிய பதில். அம்மா ஒருநாளும் அவருடைய வலப்பக்கம் நின்றதில்லையாம்.

மச்சான் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

கிழவர் தங்கிவிட்டார், லானுக்கு ஒரே சந்தோஷம். போன கிழமை தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். பெரிய சோபாவில் கிழவர் மட்டும் இருந்தார், அவருக்கு இடப்பக்கம் இடம் காலி. "இருங்கோ" என்று லான் எவ்வளவோ சொன்னாள். நான் நின்றபடியே குடித்தேன்.