கப்பல் வராத கிழமையும் டொக்டர் இராசநாயகமும்

செய்தி வந்தபோது என் மகள் வாசுகி தயிர்ச் சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் கிளாக்கராக இருக்கும் என் கணவர், வேலைக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்து, சைக்கிளை மதிலில் சாத்தாமல் கையில் பிடித்தபடி நின்றார். "டொக்டர் காலமாகிப் போட்டாராம்" என்றார். எந்த டொக்டர் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் டொக்டர் என்றால் இராசநாயகம் ஒருவர்தான். வாசுகி கரண்டியை வைத்துவிட்டு, "என்ர துணி பாத்த டொக்டரோ?" என்று கேட்டாள். அழ வந்த எனக்குச் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்போதும் அப்படித்தான் வருகிறது. அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

திருகோணமலையில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மடிப்புக் குலையாத வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு. மேசையில் ஒரு தூசி இருந்தாலும் பொறுக்கமாட்டார். அவ்வளவு சுத்தக்காரர், கைக்குழந்தையோடு யார் வந்தாலும் முதலில் கேட்பது, "துணி எங்கை?" என்பதைத்தான். பிள்ளை அழுக்காக்கிய துணியை அப்படியே கொண்டுபோக வேண்டும். வெட்கப்பட்டுக் கழுவிக் கொண்டுபோனால் கோபம் வந்துவிடும். "கழுவின துணியை ஏன் என்னட்டக் கொண்டாறீங்கள்? நான் என்ன உடுப்புக் கடையே வைச்சிருக்கிறன்?"

நிலாவெளியிலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும் பெண்கள் துணியை வாழையிலையில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவருவார்கள். ஒருநாள் கொண்டக்டர் ஒருவர் அப்படியொரு பொதியைச் சாப்பாட்டுப் பொதி என்று நினைத்து, நசியாமல் இருக்கட்டும் என்று சாரதியின் பக்கத்தில் பத்திரமாக வைத்தாராம். அந்தக் கதையை டொக்டர் எத்தனையோ தரம் சொல்லத் தொடங்கியிருக்கிறார். பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அதனால் முடிவு என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"வெளிச்சத்துக்குக் கொண்டாங்கோ" என்று துணியை யன்னலடிக்கு எடுத்துப்போய் விரித்துப் பார்ப்பார். பார்த்தபடியே தாய்மாருக்கு விளக்கம் நடக்கும். "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை மஞ்சளாப் போகும், தண்ணியாயும் போகும். ஒருநாள் பச்சையாப் போனதுக்கு ஊரைக் கூட்டாதேங்கோ. சளி மாதிரி இழுபட்டு, அதுக்குள்ள சிவப்பு நூல் மாதிரி ரத்தம் கண்டா மட்டும் நிக்காதேங்கோ, ஓடி வாங்கோ."

நிறங்களுக்கெல்லாம் அவர் குசினியில் இருந்துதான் பெயர் எடுப்பார். பூசணிக்காய்க் கறி, அரைத்த கடுகு, முருங்கையிலைச் சுண்டல். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு நிற்காது. அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா அகப்பையும் கையுமாக நின்று, "மேசையில அந்தக் கதை வேண்டாமெண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்பார். "சரி சரி, பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டு, பூசணிக்காய்க் கறியைப் போட்டுக்கொண்டே டொக்டர் திரும்பவும் தொடங்குவார்.

எங்கள் வீட்டுக்குச் சிவப்பு நூல் வந்தது வாசுகி கைக்குழந்தையாக இருந்தபோது. கடையில் வரிசையில் நின்றாலும் பால்மா கிடைக்காத காலம் அது. எங்களோடு இருந்த மாமிக்கு, என் கணவரின் தாய்க்கு, கொழுத்த பிள்ளைதான் பிள்ளை. தாய்ப்பாலோடு, ரின்னில் அடைத்து வரும் பால்மாவைக் கரைத்து ஒரு போத்தல் ரின் பாலும் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கடையில் இல்லாத பால்மாவை என் கணவர் கப்பலில் பிடித்தார். தேயிலை ஏற்ற வரும் கப்பல்களின் சமையற்காரர்கள் அவருக்கு நல்ல பழக்கம். ஒரு குலை இளநீர் கொண்டுபோனால் ஒரு ரின் கொண்டுவருவார். அன்றைக்கு அவருடைய நடையே வேறு. ரின்னில் எழுதியிருப்பது எந்த நாட்டு மொழி என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பசுவின் படம் இருந்தது, அது போதும் என்று இருந்தோம்.

போத்தலைக் குடித்ததும் பிள்ளை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்தும். கன்னத்தில் கரப்பன். துணியில் சளியும் சிவப்பு நூலும். நிறை ஏறவேயில்லை. மாமி கிரந்தி என்று எண்ணெய் வைத்தார். கண்பட்டிருக்கும் என்று நாவூறு கழித்தார். ஒன்றிலும் சரிவராமல் கடைசியில் என்னிடம் வந்தார். "உன்ர பால் பிள்ளைக்குச் சேரேல்லை. அதை நிப்பாட்டிப்போட்டு ரின்னை மட்டும் குடுப்பம்" என்றார். நான் குசினிக்குள் போய் அழுதேன். என் பாலே என் பிள்ளையை உருக்குகிறது என்று நானும் நம்பிவிட்டேன்.

டொக்டர் முதலில் சீதபேதி என்று நினைத்து மருந்து தந்தார். சுகம் வந்தது. அடுத்த வாரம் சிவப்பு நூல் திரும்பி வந்தது. திரும்பவும் மருந்து, திரும்பவும் சுகம், திரும்பவும் சிவப்பு. "ஒரு கிழமை இருக்கு, ஒரு கிழமை இல்லை. வீட்டில என்ன மாறுது, தங்கச்சி?" என்று கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்றேன். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அடுத்த முறை மாமியும் கூட வந்தார். என் பாலை நிறுத்தச் சொல்லி டொக்டரின் வாயாலேயே சொல்லவைப்பது அவருடைய எண்ணம். யன்னலடியில் துணியோடு நின்ற டொக்டரின் முகம் சரியில்லை. என் கணவருக்குப் பேசாமல் இருக்க ஏலாது. "டொக்டர், உங்களுக்கும் பால்மா வேணுமெண்டாச் சொல்லுங்கோ. முந்தநாளும் ஒரு கப்பல் வந்தது. குசினிக்காரன் எங்கட ஆள்" என்றார்.

டொக்டர் திரும்பிப் பார்த்தார். "அப்ப, பிள்ளைக்கு ரின் பாலும் குடுக்கிறீங்களோ?"

"ஓம் டொக்டர். கப்பல் வந்தா ஒரு கிழமைக்குப் பயமில்லை."

"வராட்டி?"

"வராட்டித் தாய்ப்பால் மட்டும்தான். பாவம் பிள்ளை."

"போன கிழமை வந்ததோ?"

"இல்லை, டொக்டர். ஒரு கப்பலும் இல்லை."

"போன கிழமைதான் பிள்ளைக்குச் சுகம்" என்றேன் நான். சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது.

டொக்டர் கதிரையில் விழுந்து சிரித்தார். "பாத்தீங்களே என்ர மருந்தின்ர திறத்தை! கப்பல் வராத கிழமையில மட்டும் வேலை செய்யுது."

பிறகு கதிரையை மாமியின் பக்கம் திருப்பினார். சிரிப்பு போய்விட்டது. "அம்மா, சில பிள்ளையளுக்குப் பசுப்பால் ஒத்துக்கொள்ளாது. குடலைப் புண்ணாக்கிப்போடும். உங்கட மருமகளின்ர பாலில ஒரு பிழையும் இல்லை. இந்தப் பிள்ளை இவ்வளவுக்கெண்டாலும் தேறி நிக்கிறது அந்தப் பாலாலதான்."  வீட்டுக்கு வரும் வழியில் மாமி பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்றோடு ரின் நின்றது. என்னையும் பால் தேத்தண்ணி, தயிர் எல்லாவற்றையும் விடச் சொன்னார் டொக்டர். "தாய் சாப்பிடுறதும் கொஞ்சம் பாலுக்குள்ள போகுமோ எண்டு எனக்கொரு சந்தேகம். வடிவாத் தெரியாது. விட்டுப் பாப்பம்" என்றார். பெயர்போன கிண்ணியாத் தயிரை விடுவது எனக்குச் சின்ன விஷயமல்ல. விட்டேன். மிச்சமிருந்த பால்மாவை என் கணவர் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிவப்பு நூல் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு காலை மாமி துணியை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோய், "இஞ்ச ஓடி வா பிள்ளை, பூசணிக்காய்க் கறி!" என்று கூப்பிட்டார்.

வாசுகிக்கு ஒரு வயது கழிந்த பிறகு, இனிப் பால் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க டொக்டரே வீட்டுக்கு வந்தார். கரண்டி நுனியில் கொஞ்சம் தயிரை அவளுக்குத் தீத்திவிட்டு, மிச்சத்தைத் தானே சாப்பிட்டுக்கொண்டு, விறாந்தையில் நெடுநேரம் அவளைக் கவனித்தபடி இருந்தார். அடுத்த நாட் காலை வெள்ளை உடுப்போடு வாசலில் நின்று, "துணி எங்கை?" என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தங்கம்!" என்றார். பிறகும் நாள் விட்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். வாசுகியின் சட்டி சுரண்டல் அப்படித் தொடங்கியதுதான்.

டொக்டர் இறந்த எட்டாம் நாள் சாப்பாட்டுக்கு அவருடைய வீட்டுக்குப் போனோம். தாய்மாரும் பிள்ளைகளுமாக வீடு நிறைந்திருந்தது. இலையில் பூசணிக்காய்க் கறி விழுந்தது. பரமேஸ்வரி அக்கா அகப்பையோடு நின்றார். "மேசையில அந்தக் கதை வேண்டாமெண்டு எத்தினை வருஷமாப் பேசினனான். இப்ப வீட்டில ஒரு சத்தமும் இல்லை" என்றார்.  அப்போது மாமி இலையைக் காட்டி, "எங்கட வாசுகிக்குச் சுகம் வந்த அண்டைக்கு இந்த நிறந்தான், பிள்ளை" என்றார். இறக்கக்கண்டிப் பெண் ஒருத்தி, "என்ர மூத்தவன் முருங்கையிலை" என்றாள். கிண்ணியாவிலிருந்து வந்த தாய், "எங்கட மகன் கடுகு" என்றார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்று பயந்தோம். சிரித்துக்கொண்டிருந்தார்.

டொக்டரின் எத்தனையோ பேச்சில் நான் எனக்கென்று வைத்திருப்பது அன்று மாமியிடம் அவர் சொன்ன ஒரு வசனம். என்னிடம் மட்டும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். நேற்றுப் பக்கத்து வீட்டில், புதிதாகப் பிள்ளை பெற்றவள், பால் சரியில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் எழும்ப முதலே மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அழாத பிள்ளை. உன்ர பாலில ஒரு பிழையும் இல்லை. துணியை வெளிச்சத்துக்குக் கொண்டா, பாப்பம்" என்றார்.