மாமியாரைப் பற்றி ஐந்து வாக்கியம்

தி. நகர் புடவைக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஓடுகிறவள் நான். சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றால் இங்கிலீஷ் வேண்டுமாம்.

ஒருநாள், வீட்டில் இருக்கும் ஒருவரை வர்ணித்து ஐந்து வாக்கியம் பழகி வரச் சொன்னார்கள். கணவர் துபாய் போனதிலிருந்து சைதாப்பேட்டை வீட்டில் நானும் மாமியாரும்தான். ஒரு சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே இல்லை. அவர் தட்டை 'ணங்'கென்று வைத்தால், சாப்பிட வா என்று அர்த்தம்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியத்தில், பாத்திரம் தேய்த்துக்கொண்டே உரக்கச் சொல்லிப் பழகினேன். "மை மதர் இன் லா இஸ் ஸ்டப்பர்ன்." பிடிவாதக்காரி, சிடுமூஞ்சி, சுயநலக்காரி என்று மூன்று வாக்கியம் ஆனது. களைப்பில் நிறுத்திவிட்டேன்.

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "ஏம்மா நிறுத்திட்ட? எனக்கு ஒண்ணும் புரியலதான். ஆனா வூட்ல ஒரு பேச்சுக்குரல் கேட்டுகினு இருந்துச்சு."

மீதி இரண்டு வாக்கியம் எனக்கு வரவே இல்லை.

இங்கிலீஷ் இன்னும் தடுமாறுகிறது. கால் வலியும் குறையவில்லை. ஆனால் காலையில் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிடம் நின்று, "போய்ட்டு வரேன் அத்தை" என்று தமிழில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.